ஒரே எழுத்து, இரண்டு ஆயுள்: கரையான் ராணியின் ஜீனோமை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

தோசைமாவு விற்கும் வெள்ளை டப்பா. மூடியில் ஆணியால் குத்திய நாலைந்து துளைகள். உள்ளே ஈர மண், அதன் நடுவில் உள்ளங்கை அகலத்தில் தட்டையான ஒரு களிமண் கட்டி. பூச்சி ஒழிப்பு வேலை பார்க்கும் புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்காவில் வைத்து அதை என்னிடம் கொடுத்தார்.

"உடைச்சுப் பாக்கல தங்கச்சி. அப்படியே பெயர்த்துட்டு வந்தேன். ராணி உள்ளதான் இருக்கு. ராசாவும் கூடவே இருக்கும்."

கட்டுமானத்துக்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்த தனியார் நிலம் அது. புற்றை எப்படியும் அகற்றத்தான் போகிறார்கள். நில உரிமையாளரிடம் எழுதி ஒப்புதல் வாங்கியிருந்தோம். சிங்கப்பூரின் காப்புக்காடுகளுக்குள் என்றால் கதையே வேறு. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஓர் எறும்பைக்கூட எடுத்துவர முடியாது. அது சரியான விதி. புற்றில் ராணியை எடுத்துவிட்டால் அந்தக் குடியிருப்பே அழிந்துவிடக்கூடும் என்று தெரிந்த எவரும் அதைச் சரியென்றுதான் சொல்வார்கள்.

ஒன்-நார்த் பக்கம் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏ பிரித்தெடுத்து, வரிசைப்படுத்தும் கருவிக்கு ஏற்றபடி தயார் செய்து கொடுப்பது என் வேலை. நான் கரையான் நிபுணர் இல்லை. ஆனால் நீண்டநாள் வாழும் ஒரு பூச்சியின் ஜீனோமை, அதாவது அதன் டிஎன்ஏவின் முழு எழுத்துத் தொகுப்பை, எப்படிப் படிப்பது, படித்த பிறகு அதில் எதைத் தேடுவது என்ற கேள்விகள் அந்த டப்பாவோடுதான் என்னிடம் வந்து சேர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்தது சிறியது, பயிற்சி அளவிலானது. இங்கே நான் ஆராய எடுத்துக்கொள்வது, வெளியுலகில் பதிவான பெரிய ஆய்வுகளையும் அவற்றை என் மேசையிலிருந்து பார்த்தபோது விளங்கியவற்றையும்.

முதலில் ராணி. களிமண் கட்டி கல்போல் இறுகியிருந்தது. உளியால் விளிம்பைத் தட்டித்தட்டி மேல் ஓட்டைத் தூக்கினேன். உள்ளே வழவழப்பாக மெழுகிய ஒரு தட்டை அறை. அதை முழுக்க அடைத்துக்கொண்டு விரல் நீளத்தில் வெளிர்மஞ்சள் உடல். தலையும் மார்பும் சாதாரண ஈசலின் அளவுதான். வயிறு மட்டும் ஊதி, தோல் இழுபட்டு, பழைய வயிற்றுத் தகடுகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் பழுப்புப் பட்டைகளாக நின்றன. தோலுக்கு அடியில் மெதுவாக அலை ஓடிக்கொண்டே இருந்தது. அறைச் சுவரில் சின்னச் சின்ன ஓட்டைகள். வேலைக்காரக் கரையான்கள் நுழையலாம், ராணி வெளியே வர முடியாது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வால்பக்கம் ஒரு வெள்ளை முட்டை வெளிவந்தது. ஒரு வேலைக்காரி உடனே அதைக் கவ்விக்கொண்டு ஓடினாள்.

சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் காட்டோரங்களிலும் மேடாகப் புற்றெழுப்பும் மேக்ரோடெர்மிஸ் கில்வஸ் இனம் அது. இதே பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் கரையான்களில் ராணியும் ராஜாவும் 20 ஆண்டுவரை வாழ்கின்றன. அதே புற்றில், அவற்றுக்கே பிறந்த வேலைக்காரக் கரையான்களின் ஆயுள் சில வாரங்கள்.

எழுத்து ஒன்றுதானே

மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசூன் வீட்டில் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்கும்போது அம்மா விளக்கை அணைப்பார். ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் கைப்பேசியின் வெளிச்சத்தைக் காட்டுவார். எல்லாம் அதில் போய் விழும். "பாவம், ஒரு ராத்திரி ஆயுசு" என்பார். ஊரில் அவர் சிறுமியாக இருந்தபோது பிடித்து, வறுத்து, பொரியரிசியோடு கலந்து தின்ற கதையும் கூடவே வரும். நிலையாமைக்கு ஈசலைக் காட்டுவது நம் பேச்சில் ஊறிப்போனது.

ஆனால் பறந்து முடித்து, இறகை உதிர்த்து, துணை தேடி, மண்ணுக்குள் இறங்கித் தப்பிக்கும் ஈசல்தான் ராணியாகிறது. ஒரு ராத்திரி ஆயுசு என்று நாம் பரிதாபப்படும் பூச்சியும், பூச்சி உலகிலேயே மிக நீண்ட ஆயுள் கொண்டவற்றில் ஒன்றும் ஒரே பூச்சிதான். ராணிக்கென்று தனி டிஎன்ஏ கிடையாது. வேலைக்காரி, சிப்பாய், ஈசல், ராணி எல்லாரும் ஒரே ஜீனோமின் பிள்ளைகள்.

இதுதான் இந்த நிகழ்வின் மையச் சிக்கல். நீண்ட ஆயுளின் காரணம் ஜீனோமில் இருக்கிறது என்று நம்பித்தான் அதைப் படிக்கப் போகிறோம். ஆனால் குறைந்த ஆயுள் கொண்டவளிடமும் அதே எழுத்துகள்தான் இருக்கின்றன. அப்படியென்றால் எழுத்தைப் படித்து என்ன கிடைக்கும்?

இன்னொரு புதிரும் உண்டு. பொதுவாக விலங்குகளில் அதிகம் பிள்ளை பெறுவது ஆயுளைத் தின்னும். உடலைப் பழுதுபார்க்க வேண்டிய சத்து பிள்ளைப்பேற்றுக்குப் போய்விடும். கரையான் ராணி நாளொன்றுக்குப் பல ஆயிரம் முட்டை இடுகிறாள், பல ஆண்டுகளுக்கு. அப்படியும் மூப்படைவதாகத் தெரியவில்லை.

2014இல் படித்தது

கரையான் ஜீனோம்கள் முதன்முதலில் வெளிவந்த ஆண்டு 2014. அந்த ஆண்டில் இரண்டு வந்தன. ஒன்று, ஈரமான மரத்துக்குள் சிறு கூட்டமாக வாழும் வட அமெரிக்க ஸூடெர்மாப்சிஸ் நெவடென்சிஸ். அதன் அளவு சுமார் 56 கோடி எழுத்துகள். மற்றொன்று, எங்கள் டப்பாவில் வந்தவளின் ஆப்பிரிக்கச் சகோதரியான மேக்ரோடெர்மிஸ் நேடலென்சிஸ். அதன் அளவு சுமார் 130 கோடி எழுத்துகள். மனித ஜீனோம் 310 கோடி, பழ ஈயுடையது சுமார் 18 கோடி என்று வைத்துக்கொண்டால் இதன் பருமன் புரியும்.

நேடலென்சிஸ் வேலையை கோபன்ஹேகன் பல்கலைக்கழகமும் சீனாவின் பிஜிஐ நிறுவனமும் சேர்ந்து செய்தன. அவர்கள் தேடியது நீண்ட ஆயுளை அல்ல. இந்தக் கரையான் தன் புற்றுக்குள் டெர்மிடோமைசிஸ் என்ற பூஞ்சையைப் பயிர் செய்கிறது. செத்தைக் குப்பையைச் செரித்து உணவாக்குவதில் கரையான், பூஞ்சை, குடல் பாக்டீரியா மூன்றில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதே கேள்வி. ஆகவே கரையானையும் பூஞ்சையையும் குடல் பாக்டீரியாக்களையும் ஒருசேரப் படித்தார்கள். கரையானில் சுமார் 16,300 மரபணுக்கள் இருந்தன.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தியது ராணியைப் பற்றிய பகுதி. வேலைக்காரிகளின் குடலில் பாக்டீரியாக்கள் பலவகை. ராணியின் குடலிலோ அந்தப் பன்மை சுருங்கி, ஒரே ஒரு பாக்டீரியாவின் ஆதிக்கம். செடிப்பொருளைச் செரிக்கும் நொதிகள் அங்கே இல்லை. ராணி செரிக்க வேண்டியதில்லை, எல்லாம் செரித்தே ஊட்டப்படுகிறது. வேலைப் பிரிவினை குடல்வரை போயிருக்கிறது.

நான்கு ஆண்டு கழித்து, 2018இல், காய்ந்த மரத்தில் வாழும் கிரிப்டோடெர்மிஸ் கரையானின் ஜீனோமும் ஜெர்மன் கரப்பானின் ஜீனோமும் ஒன்றாக வந்தன. கரையான் என்பது கூடிவாழக் கற்றுக்கொண்ட கரப்பான் என்று மரபுவழி ஆய்வுகள் 2007லேயே காட்டியிருந்ததால் இந்த ஒப்பீடு முக்கியமானது. கரப்பானுக்கு 200 கோடி, கரையானுக்கு 130 கோடி எழுத்துகள். இரண்டிலும் ஏறத்தாழ பாதி ஜீனோம், திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர்கள். இந்தப் பாதியைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும். அதற்கு முன் என் மேசையில் நடந்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வேலையில் இறங்கும் வேறொருவருக்கு அவை உதவும்.

எங்கள் மேசையில்

ராணி பெரியவள், நிறைய டிஎன்ஏ கிடைக்கும் என்று வயிற்றிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். எடுக்கவே கூடாத இடம் அது. முதல் காரணம் குடல். கரையான் டிஎன்ஏவோடு குடல் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கலந்து வரும். இரண்டாவது காரணம் எனக்கு உறைத்தது மறுநாள்தான். புணர்ந்த ராணியின் வயிற்றில் ராஜாவின் விந்தணுக்கள் ஒரு பையில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். வயிற்றைப் படித்தால் ராணியை மட்டும் படித்ததாக ஆகாது, ராஜாவும் உள்ளே வந்துவிடுவார். கருவி துண்டு துண்டாகப் படித்துத் தரும் ஒரே உயிரின் எழுத்தைக் கோக்க வேண்டிய கணினி, இன்னோர் உயிரின் பிரதியையும் சேர்த்துக்கொண்டு திணறும்.

குழாயில் வந்த கரைசல் பழுப்பாக இருந்தது. டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக்காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது மேலே தடித்த ஒற்றைக் கோடு நிற்க வேண்டும். நின்றதோ மேலிருந்து கீழ்வரை தேய்த்துவிட்ட விபூதி மாதிரி ஒரு நீள மங்கல். டிஎன்ஏ துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது. ஞாயிறு மதிய வெயிலில் அந்த டப்பா தேக்காவிலிருந்து ஆய்வுக்கூடம் இருக்கும் புவன விஸ்தாவரை வந்திருந்தது. வந்ததும் நான் உறையவைக்கவில்லை, பார்த்து ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ராஜாவையும் இழந்தேன். உளி பட்டுத் தெறித்த மண்கட்டி ஒன்றின் அடியில் அவர் நசுங்கிக் கிடந்ததை அடுத்த நாள் காலை அறையைச் சுத்தம் செய்யும்போதுதான் கண்டேன்.

இரண்டாம் முயற்சிக்குச் சிப்பாய்களின் தலைகளை எடுத்தோம். தலையில் குடல் இல்லை. பெரிய தாடை, நிறையத் தசை. உடனே உறையவைத்து, குளிரிலேயே பொடித்து, குழாயை உலுக்காமல், அகன்ற முனைப் பிப்பெட்டால் மெதுவாக உறிஞ்சி வேலை செய்தோம். இந்த முறை ஜெல்லில் கோடு மேலேயே நின்றது. ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். பத்துச் சிப்பாய்களைச் சேர்த்து அரைத்தால் டிஎன்ஏ தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது பத்து உடன்பிறப்புகளின் கலவை. ஒரே ஒரு தலையிலிருந்து கிடைக்கும் கொஞ்சம் டிஎன்ஏ அதைவிட மேல்.

அளவுக் கணக்கு எளியது. 130 கோடி எழுத்துள்ள ஜீனோமை முப்பது மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் சராசரியாக முப்பது முறை, படிக்க வேண்டுமென்றால் 3,900 கோடி எழுத்துகள் கருவியிலிருந்து வரவேண்டும். கோத்து முடித்த பிறகு தரம் பார்க்க, எல்லாப் பூச்சிகளிலும் ஒற்றைப் பிரதியாக இருக்க வேண்டிய 1,367 மரபணுக்களின் பட்டியல் ஒன்று உண்டு. அவற்றில் எத்தனை முழுசாகக் கிடைத்தன, எத்தனை இரட்டித்தன என்று எண்ணிப் பார்ப்பார்கள். இந்த மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் கட்டுரையின் முதல் பக்கத்தில் போடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. மரபணுக்கள் முழுசாகக் கிடைத்தால் ஜீனோம் முழுசாகக் கிடைத்துவிட்டது என்ற நினைப்பை இந்த மதிப்பெண் உண்டாக்கிவிடுகிறது. கரையானைப் பொறுத்தவரை அந்த நினைப்பு நம்மை முக்கியமான இடத்தில் ஏமாற்றிவிடும்.

போற்றி, போற்றி

கோயிலில் அச்சடித்துக் கொடுக்கும் 108 போற்றித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு பெயர், பிறகு "போற்றி". அதன் பத்துப் பிரதிகளைக் கத்தரித்து, ஒரு சொல் அளவுத் துண்டுகளாக்கிக் கலைத்துவிட்டால் மறுபடி கோக்க முடியுமா? பெயர் உள்ள துண்டுகளை அடையாளம் காணலாம். "போற்றி" என்று மட்டும் இருக்கும் துண்டு எந்த வரியைச் சேர்ந்தது? யாராலும் சொல்ல முடியாது. நான்கைந்து வரி நீளத் துண்டுகளாக வெட்டியிருந்தால் சிக்கலே இல்லை, முன்னும் பின்னும் உள்ள பெயர்கள் இடத்தைச் சொல்லிவிடும்.

2014இல் கரையானைப் படித்த கருவிகள் ஒரு நேரத்தில் நூறு, நூற்றைம்பது எழுத்துத் துண்டுகளைத்தான் படித்தன. மரபணுக்கள் கிடைத்தன. திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து காணாமல் போயின, அல்லது இடைவெளியாக விடப்பட்டன. இன்றைக்குள்ள நீள்வாசிப்புக் கருவிகள் 15,000 முதல் 20,000 எழுத்துகளை ஒரே மூச்சில், 99.9 விழுக்காடு துல்லியத்தோடு படிக்கின்றன. போற்றிகளையும் இடம் பார்த்து வைக்க முடிகிறது.

சிங்கப்பூரில் இந்த வேலை செய்பவர்களுக்கு இதில் தனிப்பட்ட ஒரு நினைவு உண்டு. 2002இல் இங்குள்ள மூலக்கூறு, உயிரணு உயிரியல் ஆய்வுக்கழகமும் சேர்ந்து முன்னின்று நடத்திய பன்னாட்டுக் குழு ஃபுகு மீனின் ஜீனோமை வெளியிட்டது. ஃபுகுவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னவர் உயிரியலாளர் சிட்னி பிரென்னர். ஏன் ஃபுகு? மனிதனுக்கு உள்ள அளவுக்கு மரபணுக்கள் அதற்கும் உண்டு, ஆனால் ஜீனோமின் அளவு எட்டில் ஒரு பங்கு, சுமார் 40 கோடி எழுத்துகள். திரும்ப வரும் பகுதிகள் மிகக் குறைவு. அன்றைய கருவிகளுக்கு அதைவிட நல்ல தெரிவு இருந்திருக்க முடியாது. போற்றிகள் குறைந்த, பெயர்களே நிறைந்த தாள் அது.

அதே பிரென்னர்தான் இன்னொன்றையும் சொல்லி வைத்தார். தூக்கி எறிவது குப்பை, எறியாமல் வைத்துக்கொண்டே இருப்பது தட்டுமுட்டு, ஜீனோமில் இருப்பது தட்டுமுட்டு என்று. அவர் சொன்னதை நம் வழக்கில் பரண் என்று புரிந்துகொள்ளலாம். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் பரண் கிடையாது, குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பாகக் கட்டிய பாம் ஷெல்டர் அறைதான். உடைந்த மின்விசிறி, தீபாவளி விளக்குச் சரம், யாரோ விட்டுப்போன பெட்டி எல்லாம் அங்கேதான். கதவைச் சாத்தி வைத்திருக்கும்வரை தொல்லை இல்லை.

ஜீனோமின் பாம் ஷெல்டருக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி தாவும் மரபணுக்கள். தன்னைத் தானே படியெடுத்து, ஜீனோமின் வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் எழுத்துத் தொடர்கள். பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோளத்தில் இவற்றைக் கண்டறிந்தார், பல பத்தாண்டுகள் கழித்து 1983இல் அதற்கு நோபெல் பரிசு கிடைத்தது. இவை தாவிப் போய் வேலையிலிருக்கும் ஒரு மரபணுவின் நடுவில் விழுந்தால் அந்த மரபணு கெடும். அங்கங்கே டிஎன்ஏ முறியும். இந்தக் கதவு திறந்துகொள்வதும் மூப்பின் காரணங்களில் ஒன்று என்ற கருத்து இருந்துவந்தது. அதைக் கரையான் புற்றில் தேடிப் போனவர்கள்தான் அடுத்த பகுதியில் வருபவர்கள்.

கோமோயே

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் உள்ள கோமோயே தேசியப் பூங்கா. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூடித் கோர்ப் குழுவினர் அங்கே மேக்ரோடெர்மிஸ் பெல்லிகோசஸ் புற்றுகளில் வேலை செய்தார்கள். கட்டுரை 2018இல் வந்தது. ஆய்வுக்கூடத்துக் கூண்டில் வளர்த்த பூச்சிகள் அல்ல, காட்டில் வாழ்ந்து மூத்தவை. எடுத்தது தலை. அளந்தது டிஎன்ஏ அல்ல, ஆர்என்ஏ. அதாவது, எழுத்து என்ன என்பதையல்ல, எந்த எழுத்து இப்போது வாசிக்கப்படுகிறது என்பதை.

இளம் ராஜா ராணியையும் மூத்த ராஜா ராணியையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் மிகக் குறைவு. வயது ஏறிய சுவடே ஏறத்தாழ இல்லை. வேலைக்காரர்களிடம் நேர்மாறு. மூத்த பெரிய வேலைக்காரக் கரையான்களின் தலையில் தாவும் மரபணுக்களோடு தொடர்புடைய ஏராளமான எழுத்துத் தொடர்கள் விழித்துக்கொண்டிருந்தன. பாம் ஷெல்டர் கதவு திறந்து கிடந்தது.

கதவை யார் சாத்தி வைக்கிறார்கள்? விலங்குகளின் சூலகத்திலும் விந்தகத்திலும் ஒரு காவல் உண்டு. பழைய தாவும் மரபணுக்களின் துண்டுகளை ஜீனோம் தன்னுள் ஓர் இடத்தில் சேர்த்து வைத்திருக்கும். அவற்றிலிருந்து 24 முதல் 31 எழுத்து நீளமுள்ள சிற்றுருவ ஆர்என்ஏக்கள் வெட்டி எடுக்கப்படும். பிவி என்ற புரதம் அவற்றை ஏந்திக்கொண்டு சுற்றும். கையில் பிடித்த துண்டோடு பொருந்தும் ஆர்என்ஏ எதிரே வந்தால் வெட்டிவிடும். திருடனின் பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காவலாளிபோல. அடுத்த தலைமுறைக்குப் போகும் டிஎன்ஏ கெட்டுப்போகக் கூடாது என்பதால் இந்தக் காவல் கருவணுக்களில்தான் பலமாக இருக்கும்.

கோமோயேயில் கண்டது இது. மூத்த வேலைக்காரர்களின் தலையில் இந்தக் காவலின் மரபணுக்கள் சோர்ந்து இறங்கியிருந்தன. ராஜா ராணியின் தலையில் இறங்கவில்லை. கருவணுவுக்கென்று இருந்த காவலை ராணி தன் உடல் முழுவதற்கும் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். அவர்கள் இன்னொரு படியும் போனார்கள். புற்றையே ஓர் உடலாகப் பாருங்கள். ராஜாவும் ராணியும் அந்த உடலின் கருவணு. வேலைக்காரர்கள் அதன் தோல், தசை, உதிர்ந்து போகும் பகுதி. உடலில் எதைக் காப்பது, எதைச் செலவழிப்பது என்ற பழைய பங்கீடுதான் இங்கே இரண்டு தனித்தனிப் பூச்சிகளாக நடமாடுகிறது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் ஜீனோம் கோக்கும்போது எதை இடைஞ்சல் என்று சலித்துக்கொள்கிறோமோ, எந்தப் பகுதிகள் மடிந்து தொலைந்தாலும் மரபணு மதிப்பெண் குறைவதில்லையோ, அதுவேதான் ஆயுள் கேள்வியின் முதல் சாட்சி. எழுத்தைப் படித்து என்ன கிடைக்கும் என்று மேலே கேட்டேன். மரபணுக்களை மட்டும் படித்தால் ஒன்றும் கிடைக்காது, அவை எல்லாருக்கும் பொது. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, காவலாளியின் கையில் எந்தப் படங்கள் உள்ளன என்பதெல்லாம் திரும்ப வரும் பகுதிகளில்தான் எழுதியிருக்கின்றன.

கோமோயே முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்? நான் மிகவும் மதிக்கும் வேலை அது. என்றாலும் அது காட்டுவது ஓர் இணைவு. காவல் இறங்குகிறது, தாவும் மரபணுக்கள் எழுகின்றன, வேலைக்காரர் சாகிறார். மூன்றும் சேர்ந்து நடக்கின்றன. தாவும் மரபணுவின் ஆர்என்ஏ பெருகியது என்பதற்கும் அது உண்மையிலேயே தாவி டிஎன்ஏவில் செருகிக்கொண்டது என்பதற்கும் நடுவில் ஒரு படி உண்டு. அந்தப் படியை நேரடியாகப் பார்க்க ஒரு வழி, இளம் வேலைக்காரியின் டிஎன்ஏவையும் மூத்தவளின் டிஎன்ஏவையும் நீள்வாசிப்பில் படித்து, புதிய செருகல்களை எண்ணுவது. எண்ணுவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க, போற்றிகள் எல்லாம் இடத்தில் இருக்கும் ஒரு முழு ஜீனோம் வேண்டும். கில்வஸுக்கு அப்படி ஒன்றைக் கோக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவதன் காரணம் இதுதான்.

காவல் ஒன்றே முழு விடை என்றும் நான் நினைக்கவில்லை. தென்னிந்தியாவில் வாழும் ஹார்பெக்நேதஸ் என்னும் தாவும் எறும்பு இதற்கு நல்ல எதிர்சாட்சி. அதன் ஜீனோம் 2010இலேயே வந்துவிட்டது. அங்கே ராணி இறந்தால் வேலைக்காரிகள் தங்களுக்குள் உணர்கொம்பால் மோதி, வென்றவர்கள் முட்டையிடத் தொடங்குவார்கள். ஏழு மாதமாக இருந்த ஆயுள் நான்கு ஆண்டாக நீளும். அப்படி முட்டையிடுபவளை மறுபடி வேலைக்காரியாக்கினால் ஆயுள் மறுபடி சுருங்கும். 2022இல் வந்த ஆய்வு இதற்கு இன்சுலின் பாதையைக் காட்டியது. முட்டைக்காக இன்சுலின் பெருகுகிறது, ஆனால் சூலகம் சுரக்கும் ஒரு புரதம் அந்தப் பாதையின் மூப்புக் கிளையை மட்டும் அடைக்கிறது. எறும்பும் கரையானும் நெருங்கிய உறவு இல்லாத இரு குலங்கள். இரண்டும் தனித்தனியே கூடிவாழக் கற்றன, தனித்தனியே ராணிக்கு ஆயுளை நீட்டின. வழி ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

விடியலுக்கு முன்

சிப்பாய்த் தலைகளில் எங்களுக்கு ஒரு குறை இருந்தது. மேக்ரோடெர்மிஸில் சிப்பாய்கள் எல்லாம் பெண்கள். கரையான்களில் ஆணைத் தீர்மானிக்கும் ஒய் குரோமோசோம் ஆணிடம் மட்டுமே உண்டு. சிப்பாயைப் படித்தால் ஜீனோமில் அந்த ஓர் ஏடு இருக்காது. நசுங்கிப்போன ராஜா மீண்டும் மீண்டும் நினைவுக்கு வந்தார்.

பிறகுதான் தோன்றியது, இளம் ராஜா வேண்டுமென்றால் ஆண் ஈசல் போதுமே. இன்னும் புணராதது, தனி உயிர். அம்மாவின் பேசினிலிருந்து எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாது. கில்வஸ் மாலையில் பறப்பதில்லை. பினாங்கில் இரண்டு மேக்ரோடெர்மிஸ் இனங்களைக் கவனித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: கார்பனேரியஸ் அந்தி சாயும் வேளையில் கிளம்பும், கில்வஸ் விடியலுக்கு முந்திய இருட்டில். ஈசூனில் டியூப்லைட்டுக்கு வருவது வேறு கரையான்.

புதுக்கோட்டை அண்ணனிடம் சொல்லி வைத்தேன். அவர் தங்கும் விடுதியின் பின்வேலிக்கு உள்ளேயே ஒரு புற்று இருந்தது. லாரி ஆறு மணிக்கு வரும் என்பதால் அவர்கள் நான்கு மணிக்கே எழுந்து மதியச் சாப்பாடு சமைத்துவிடுவார்கள். "அந்த நேரத்துக்கு நாங்க முழிச்சுத்தான இருப்போம், நீ கவலைப்படாத" என்றார்.

முந்தைய மாலை நல்ல மழை பெய்த ஒரு நாள், காலை 4.20க்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி. பின்னணியில் கரண்டிச் சத்தம், தாளிக்கும் சத்தம்.

"தங்கச்சி, கிளம்பிருச்சு. சமையக்கட்டு லைட்டுக்குக் கொட்டுது. தண்ணி பாட்டில்ல புடிச்சு வச்சிருக்கோம், தண்ணி இல்லாமத்தான். ஒரு இருவது முப்பது இருக்கும். ஆணா பொண்ணான்னு எனக்குத் தெரியல, நீ வந்து பாத்துக்க."

உலர்பனிப் பெட்டியோடு டாக்சியில் போய் இறங்கியபோது ஐந்தே கால். பாட்டிலின் அடியில் உதிர்ந்த இறகுகள், வெங்காயச் சருகுபோல. இறகில்லாத பூச்சிகள் இரண்டிரண்டாக, முன்னதன் வாலைப் பின்னது தொட்டபடி, பாட்டிலுக்குள் வட்டமாக நடந்துகொண்டிருந்தன. பின்னால் போவது ஆண். வயிற்றின் கடைசித் தகடுகளைக் கைலென்ஸில் பார்த்து உறுதிசெய்துகொண்டு, பின்னால் போனவற்றில் ஆறைத் தனித்தனிக் குழாயில் போட்டு உலர்பனியில் புதைத்தேன். மீதியை அண்ணன் வேலியோரம் ஈர மண்ணில் விட்டார். இரண்டு ஜோடிகள் அங்கேயே மண்ணைக் கிளறத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் லாரிக்கு ஓடினார்.